துரத்தியதற்கு நன்றி

ஓடுகிற மனுஷனைக் கண்டால் செவலை நாய்க்கு இருப்புக் கொள்ளாது. அன்று விடிந்ததும் ஊரே அதன் தெரு வழியாக ஓடியது. யாரைத் துரத்துவது என்று புரியாமல் செவலை டீக்கடை பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொண்டது.

“மாரத்தானாம். எல்லாரும் போயாச்சு, வெளியே வா,” என்றது கம்பத்தில் இருந்த காகம்.

அப்போது கடைசியாக ஒரு பெண் தனியே ஓடி வந்தாள். செவலைக்கு உயிரே வந்தது. அவளோ, “இதுக்கு மேல முடியாது” என்று நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்தவளை எப்படித் துரத்துவது? செவலை ஆத்திரத்தோடு குரைத்தது. அலறியடித்துக்கொண்டு எழுந்தவள் எடுத்தாள் ஓட்டம். செவலையும் விடவில்லை. ஓட்டம் முடியும் கோட்டை அவள் தாண்டியதும், அங்கே பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அவள் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “நீ நல்லாயிருக்கணும்டா. நீ துரத்தலேன்னா அங்கேயே கிடந்திருப்பேன்.”

செவலைக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் அதற்கு நன்றி சொன்னதில்லை.

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் சும்மா உட்கார்ந்திருந்தவர்களையெல்லாம் அது குரைத்து எழுப்பியது. ஆளுக்கொரு பக்கம் தெறித்து ஓடினார்கள்.

“பாவம், அவங்க எங்கே போய்ச் சேர்றது?” என்றது காகம்.

“அது அவங்க பாடு,” என்றது செவலை மூச்சிரைக்க. “நன்றி சொல்லத் திரும்பி வருவாங்க, பாரு.”