பசிக்க வேண்டிய விரதம்

சஷ்டி விரதத்துக்கு முதல் நாள் முத்துச்செல்வி கிளினிக்குக்குப் போனாள். எல்லோரும் போட்டுக்கொள்வதுபோல அவளும் வருடக்கணக்காகப் போட்டிருந்த, பசியே தெரியாமல் செய்யும் பசிப்பூட்டு ஊசியை மாற்று மருந்து கொடுத்து முறித்துவிடச் சொன்னாள். நர்ஸ் சிரித்துவிட்டாள்.

"சாப்பிடாமத்தான இருக்கப் போறீய? பூட்டு இருந்தா வசதிதானக்கா?"

"பசிக்காம பட்டினி கிடந்தா முருகன் அதை விரதம்னு ஏத்துக்கிடுவானா?"

அவள் வேண்டிக்கொண்டதே மகளுக்குப் பசி வரவேண்டும் என்றுதான். மகள் இளவெயினிக்குப் பால்வாடியில் எல்லாப் பிள்ளைகளோடும் சேர்த்துப் போட்ட பூட்டு, இப்போது எந்த மாற்று மருந்துக்கும் கழலவில்லை. பசி ஹார்மோன் நிறையவே சுரக்கிறது, ஆனால் அது போய் ஒட்டவேண்டிய ஏற்பியில் பழைய மருந்து உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது என்றார் டாக்டர். சோற்றைக் கண்டாலே பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கைகால் குச்சியாகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் தட்டோடு உட்கார்ந்து வழக்கம்போல மகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தபோது முத்துச்செல்வியின் வயிறு உறுமியது. இளவெயினி திடுக்கிட்டாள்.

"அம்மா, உள்ள என்ன சத்தம்?"

"பசிம்மா."

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

"அப்ப நீ சாப்பிடு."

"நான் இன்னைக்குச் சாப்பிடக் கூடாது. நீ சாப்பிட்டா எனக்கு அடங்கிரும்."

இளவெயினி ஒரு வாய் வாங்கி, மென்று, கஷ்டப்பட்டு விழுங்கினாள். அம்மாவின் வயிற்றில் காதை வைத்துப் பார்த்தாள்.

"சத்தம் இன்னும் நிக்கலம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தாள்.