மதியம் வந்தவன்

இசக்கிமுருகன் என்று சொல்லி உட்காரவைத்த பிள்ளை, நான் பெட்டியைத் திறக்கும் முன்பே கட்டைகளுக்குக் கை நீட்டினான்.

முதல்முறையாக வரும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு அதற்குள் கட்டை இருப்பது தெரியாது.

காலையில் வந்தது அண்ணன் பெருமாள்ராஜ். அச்சு அசலாக ஒரே முகம் கொண்ட இரட்டையர்கள், ஏழாம் மாதமே பிறந்துவிட்டவர்கள். தம்பி இசக்கிமுருகனை மதியம் அவன் அப்பா ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தூக்கி வருவார் என்று தாய் முத்துராணி சொல்லியிருந்தாள்.

பிறந்த ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் முன் இருவரின் மூளையையும் ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு வயதில் எப்படி இருப்பார்கள் என்று அந்தப் படத்தை வைத்து அப்போதே எழுதியும் வைத்துவிட்டார்கள். அது பலித்ததா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி.

பெற்றவர்களுக்கு அதைச் சொல்வார்கள். சோதிக்கிற எனக்குச் சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் மார்க் போடுகிற கை சாய்ந்துவிடுமாம்.

எட்டுக் கட்டைகளை அடுக்கினான். பந்தை உதைத்தான். அட்டையைத் திருப்பும் முன்பே "பூன" என்றான்.

சட்டை புதிது. காலையில் இடது கன்னத்தில் இருந்த திருஷ்டிப் பொட்டு இப்போது வலது கன்னத்தில். இடது பக்கம் மை சரியாக அழியவில்லை.

பேனாவை மூடிவைத்தேன். முத்துராணி தரையைப் பார்த்தாள்.

"சின்னவன் வீட்ல இருக்கான் டாக்டரம்மா. படத்துல சொன்னாப்லயேதான் கெடக்கான், இன்னும் கழுத்துகூட நிக்கல. அவன் பேர்ல ஒரு தாள்லயாவது நல்லா எழுதியிருக்கட்டுமேன்னுதான் பெரியவனையே திரும்பக் கூட்டிட்டு வந்தேன்."

திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. பொய் மார்க் போட முடியாது. உண்மையை எழுதவும் மனம் ஒப்பவில்லை.

தம்பியின் தாளில் "குழந்தை வரவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இனி அந்தப் படம் சொன்னது சரியா தப்பா என்று எந்தக் கணக்கிலும் ஏறாது. அவளுக்கு நல்லது செய்துவிட்டதாக நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவர்கள் போன பிறகு ஜன்னலைச் சாத்த எழுந்தேன்.

கீழே சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் அவள் கணவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முத்துராணி பெரியவனை இறக்கிவிட்டு, கணவன் மடியிலிருந்த இன்னொரு பிள்ளையை வாங்கினாள். தலை சாயாமல் ஒரு கையால் தாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

சின்னவன் வந்துதான் இருந்தான்.