மத்தி எண்ணெய்

கருக்களாச்சேரியில் உச்சி வெயில். அடுப்பில் மத்திக் குழம்பு கொதித்து அடங்குகிறது. மேலே மிதக்கும் மீன் கொழுப்பில் சன்னல் வெளிச்சம் உடைந்து உடைந்து கூடுகிறது. கழற்றிப்போட்ட தன் மரப்படகின் பலகை ஒன்றைப் பெஞ்சாக்கி, அதன்மேல் சோமு உட்கார்ந்திருக்கிறார். புற்றுநோய்க்கு ஊசி போட்டு முடி கொட்டிய தலை. கண்ணை மூடி அந்த வாசனையை இழுக்கிறார். இதே மத்தியைக் காய்ச்சி எடுத்த எண்ணெயைத்தான் படகு முழுக்கப் பூசுவார். அன்றைக்குத் தெருவே இப்படி மணக்கும். இப்போது எல்லாம் ஃபைபர் படகு. சென்னையில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் மகள் பிரதீபா, கரண்டியைப் பிடித்தபடி தயங்குகிறாள்.

"நாம சாப்பிடுற கொழுப்புதாம்ப்பா நோயை எதிர்க்குற உயிரணுவுக்கு மேல்தோலா அமையுது. இந்த மாதிரிக் கொழுப்பு கூடுனா, அது துருப்பிடிச்சாப்புல கெட்டு அந்த உயிரணு செத்துப்போவுது. வேற கொழுப்புன்னா தாக்குப்பிடிக்குது. எலியில பாத்துட்டோம்."

"இதப் பூசுன ஆணி துருப்பிடிச்சதே இல்லையேம்மா."

"மனுஷனுக்கு எப்படின்னு இன்னும் தெரியலப்பா."

சோமுவின் மனைவி பெரியநாயகி கரண்டியை வாங்கி, ஒரே ஒரு மீனை அவர் தட்டில் வைக்கிறாள். அவர் முள்ளைக்கூட விடாமல் சப்புகிறார். பிறகு எண்ணெய் மினுங்கும் விரல்களைப் பழைய பழக்கத்தில் பலகையோடு நீளமாக இழுத்துத் தேய்க்கிறார். கல்யாணமான நாளிலிருந்து இதற்காக அவரைத் திட்டிவந்தவள், கை கழுவக் கொண்டுவந்த சொம்புத் தண்ணீரோடு, அவர் தேய்த்து முடிக்கும்வரை காத்து நிற்கிறாள்.