வில்லனுக்கு ஒரு வாய் கேக்

மாமல்லபுரத்தில் ஒரு விடுதியின் பின்புறம், சவுக்கு நிழலில், பிறந்தநாள் விருந்து நடக்கிறது. வில்லன் வேடத்தில் வழக்கம்போல அடிவாங்கி மணலில் விழுந்து கிடக்கிறான் தாவீது. அவனை வீழ்த்திய நீல அங்கிக்கார ஹீரோ பார்த்திபன் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். குழந்தைகள் யாரும் கைதட்டவில்லை. "டிவில, பையில, பனியன்லன்னு இந்த ஹீரோ வில்லனையே பாத்துப் பாத்து பசங்களுக்கு பேஜாராயிடுச்சுக்கா. ஓரங்கட்டிட்டு டைனோசர் வேஷத்த எறக்கிடலாமா?" என்கிறான் விருந்தை நடத்தும் மணி. வேடத்துணி தைக்கும் ஜெசிந்தா மணலில் கிடப்பவனையே பார்க்கிறாள். தாவீது அவள் கணவன். விழுந்து விழுந்து அவன் முட்டி வீங்கியிருப்பது அவளுக்குத்தான் தெரியும். 'இன்னியோட வுட்டுடுய்யா' என்று சொல்ல ஒரு வாரமாகத் தவித்துக்கொண்டிருக்கிறாள். பிறந்தநாள் சிறுமி கேக்கோடு வந்து தாவீதின் அருகே உட்காருகிறாள். முகமூடியில் வாய்க்குத் திறப்பில்லை. ஜெசிந்தா போய் அதை மூக்குவரை தூக்கிவிடுகிறாள். வியர்வையில் நனைந்த நரைத்தாடி வெயிலுக்கு வருகிறது. சிறுமி ஊட்டும்போது கிரீம் தாடியில் ஒட்டிக்கொள்கிறது.

"வலிச்சிச்சா?"

"லைட்டா."

"அடுத்த பர்த்டேக்கும் வருவியா?"

முகமூடி நகர்ந்துவிட்டதால் தாவீதுக்குக் கண் தெரியவில்லை. மெல்வதை நிறுத்தி, மனைவி நிற்கும் பக்கமாக முகத்தைத் திருப்புகிறான். தாடியில் இருக்கும் கிரீமை ஜெசிந்தா முந்தானையால் மெல்லத் துடைக்கிறாள்.

"வருவாரு கண்ணு," என்கிறாள். "ஆனா வுழ மாட்டாரு. சேர்ல ஒக்காந்துகினுதான் அடி வாங்குவாரு. சரியா?"

சிறுமி கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்று தலையாட்டுகிறாள்.