சுரண்டும் சத்தம்

"இன்னும் ஆகலையா மாமா?" மாப்பிள்ளை வாசலில் இருந்தே குரல் கொடுத்தார்.

"பழைய கேஸ்கெட் எஞ்சின்ல ஒட்டிக் கல்லாட்டம் இறுகிக் கிடக்கு மாப்பிள்ளை. சுரண்டித்தான் எடுக்கணும். துளி மிச்சமிருந்தாலும் ஆயில் ஒழுகும்," என்றார் கார் ஷெட்டுக்குள் இருந்து மெக்கானிக் மாமனார்.

விடிந்ததிலிருந்து இதே பாட்டு. கூடவே 'கர்ர் கர்ர்' என்று சுரண்டும் சத்தம். நாளைக்கு வேலையில் சேர வேண்டிய ஊரோ எங்கோ இருக்கிறது. மனைவி மூட்டை முடிச்செல்லாம் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். பெண்டாட்டியும் இல்லாத மாமனார், மகளும் போய்விட்டால் இந்த வீட்டில் ஒற்றைக்கட்டை. அவரிடம் போய்க் கத்தவா முடியும்? மாப்பிள்ளை கையைப் பிசைந்தார்.

மத்தியானம் பொறுமை போய், ஷெட்டின் பக்கவாட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

கார் பானட் மூடியிருந்தது. ஸ்பேனர்கள் துடைத்துப் பெட்டிக்குள் போயிருந்தன. மாமனார் ஸ்டூலில் உட்கார்ந்து, எதற்கும் உதவாத ஒரு துருப்பிடித்த தகரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நடுநடுவே தோள்பட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை பூனை போல் திரும்பி வந்தார்.

"என்னங்க, அப்பா என்ன சொல்றார்?"

"கேஸ்கெட் வர மாட்டேங்குதாம். நாளைக்குக் கிளம்பலாம், ஆபீஸ்ல நான் பேசிக்கறேன்," என்று ஷெட்டுக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லிவிட்டு, வாசலில் இருந்த துணிப்பெட்டியை உள்ளே தூக்கிப் போனார்.

சுரண்டும் சத்தம் சட்டென்று நின்றது.