சிமிழின் மூடி

"விக்கிறதுக்கு இல்லம்மா," என்று ராஜகோபால் மறுபடியும் சொன்னார்.

ப்ரியம்வதா மேசைமேல் இருந்த மூடியைப் பார்த்தாள். பெருவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய தங்கம். வெள்ளை எனாமலில் ஒரு பச்சைக்கிளி. கிளியின் வால் விளிம்போடு அறுந்து நிற்கிறது.

மீதி வால் அவளிடம் இருக்கிறது. ஏழு வருடங்களுக்கு முன் சார்மினார் பக்கத்துக் கடையொன்றில், மூடியில்லாத குங்குமச் சிமிழாக வாங்கியது.

மூடி காஞ்சன்பாக்கில் இந்த ஓய்வுபெற்ற பொறியாளர் வீட்டில் இருப்பது தெரிந்ததிலிருந்து, கச்சிபௌலியிலிருந்து நகரத்தைக் கடந்து அவள் வரும் நான்காவது சனிக்கிழமை இது.

முதல் நாளே அவர் கேட்டார், அடிப்பாகம் உங்களிடம் இருக்கிறதா என்று.

இல்லை என்றாள். இருப்பது தெரிந்தால் விலை ஏறும். பழம்பொருள் சேர்ப்பவர்கள் முதலில் கற்கும் பாடம் அது.

ஆனால் இந்த மனிதர் விலையே சொல்லவில்லை.

இன்று இரண்டு மடங்கு தருவதாகச் சொன்னாள். தலையாட்டி மறுத்தார். தன்னிடம் இருப்பதிலேயே அழகான எனாமல் அத்தர் குப்பியை மாற்றிக்கொள்ளலாம் என்றாள். சிரித்தார்.

அவளுக்குப் பொறுமை போயிற்று.

"வெறும் மூடிய வச்சுக்கிட்டு என்னதான் சார் பண்ணப் போறீங்க?"

அவர் கோபப்படவில்லை. "எங்க அம்மாவோடதும்மா. பாகம் பிரிச்சப்போ தம்பியும் விட்டுக்கொடுக்கல, நானும் விட்டுக்கொடுக்கல. அவனுக்கு அடி, எனக்கு மூடி. அவன் வித்துட்டான். இப்ப அவனும் இல்ல. அது யார்கிட்ட இருக்கோ அவங்களுக்கு இதச் சும்மாவே குடுத்துடுவேன். பைசா நக்கோ, ஒண்ணும் வேணாம். ரெண்டும் ஒண்ணா சேர்ந்தா போதும்."

ப்ரியம்வதாவின் கை தானாகப் பைக்குள் போனது. ஒவ்வொரு முறையும் சிமிழைப் பஞ்சில் சுற்றி எடுத்து வருவாள், பொருத்திப் பார்க்க ஒரு நொடி கிடைக்காதா என்று.

"சார்..."

"முன்னாடி இத எல்லார்கிட்டயும் சொல்வேன்," என்றார் அவர். "ஆறு பேர் ஏதேதோ டப்பாவத் தூக்கிட்டு வந்து, இதுதான் அதுன்னு சாதிச்சாங்க. அப்புறம் சொல்றதையே விட்டுட்டேன். நீங்க ஒருத்தர்தான் இல்லைன்னு உண்மையச் சொன்னீங்க. அதனாலதான் ஒவ்வொரு தடவையும் கதவத் திறக்கிறேன்."

பஞ்சின்மேல் அவள் விரல்கள் நின்றுவிட்டன.

"என்னம்மா, ஏதோ சொல்ல வந்தீங்களே?"

பைக்குள்ளிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்ல சார். வெளியில நல்ல வெயில்."