தேத்தண்ணி மட்டும்

சாலையின் மறுபுறம் காரை நிறுத்திவிட்டு, பிரெட்ரிக் அந்த வீட்டை நோட்டமிட்டார். வாசலின் இரும்புக் கதவில் இரண்டு பூட்டுகள். சன்னல் திரைகள் இழுத்து மூடப்பட்டிருந்தன. உள்ளே நின்ற வண்டி, எந்த நிமிடமும் புறப்படத் தோதாகச் சாலையைப் பார்த்து நின்றது.

எல்லாம் இருக்க வேண்டியபடியே இருந்தன. அதுதான் அவருக்கு எரிச்சலை மூட்டியது.

தன் ஊரான குளுவாங்கிலிருந்து இந்தப் பொந்தியான் ஊருக்கு அவர் விரைந்து வந்தது ஒரே ஒரு கேள்விக்காக. அவருடைய மகள் எலைன் ஒரு தாதி. சபையின் ஊழியக் குழுவோடு, வெளிநாட்டு எல்லை ஒன்றில் தவிக்கும் அகதிகளுக்கு மருந்து கொடுக்கப் போயிருந்தாள். அந்த எல்லையில் துப்பாக்கிச் சூடு என்று காலைச் செய்தியில் சொன்னார்கள்.

எல்லையோ நீளமானது. குழு அதில் எந்த ஊரில் இருக்கிறது என்பது ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்க வேண்டும். பாதுகாப்புக்காகச் சபையில் அப்படி ஓர் ஏற்பாடு. அந்த ஒருவர் இந்த வீட்டில் இருக்கும் டொரத்தி.

மணியை அழுத்தினார். டொரத்தி வெளியே வந்தார், பூட்டைத் தொடவில்லை.

"கேட்டத் திறங்க சிஸ்டர்."

"இங்கேயே பேசலாம் ஐயா. வெயில்ல நிக்காதீங்க, இப்படி ரம்புத்தான் மர நிழலுக்கு வாங்க."

"எலைன் எந்த ஊருல இருக்கா?"

"அதச் சொல்லக் கூடாது ஐயா."

"எனக்குக்கூடவா?"

"உங்களுக்கும்தான்."

"நியூஸ் பாத்தீங்களா, இல்லியா?"

"பாத்தேன்."

"இன்னைக்கு அவங்ககிட்டேருந்து மெசேஜ் வந்துச்சா?"

"வந்திருந்தாலும் சொல்ல மாட்டேன். வரலன்னாலும் சொல்ல மாட்டேன்."

அந்தப் பதிலில் பிரெட்ரிக்கால் ஒரு குறையும் காண முடியவில்லை. ஓர் ஆறுதலையும் காண முடியவில்லை. சற்று யோசித்து, வேறு வழியில் நுழைய முயன்றார்.

"அவளுக்கு மலைக் குளிரு ஒத்துக்காது. சுவெட்டர் ஒண்ணு அனுப்பணும். அங்க குளிரா, வெயிலான்னு மட்டும் சொல்லுங்களேன்."

"கேள்வியத் திருப்பிப் போட்டாலும் பதிலு அதேதான் ஐயா."

"அலமாக்! நான் என்ன பேப்பர்காரனா? அவளப் பெத்தவன் லா!"

"அதனாலதான் பயப்படுறேன். உங்ககிட்ட சொன்னா, நீங்க வீட்டுல அக்காகிட்ட சொல்வீங்க. அக்கா அத ஜெபக் குறிப்புன்னு வாட்ஸ்அப்ல போடுவாங்க. சாயந்தரத்துக்குள்ள, தங்காக் டவுனுல சேல எடுக்கப் போனவங்க வரைக்கும் ஊரு பேரச் சொல்லி ஜெபம் பண்ணுவாங்க. அதுல ஒருத்தர் பேஸ்புக்ல போட்டாப் போதும். புள்ளைங்களத் தேடுறவனுக்கு நாமளே வழி காட்டுன மாதிரி ஆயிடும்."

"என் பொண்டாட்டி வாயத் திறக்க மாட்டா."

சிரித்துவிடாமலிருக்க டொரத்தி எடுத்துக்கொண்ட முயற்சி மட்டும் முகத்தில் தெரிந்தது.

பிரெட்ரிக் கம்பியைப் பிடித்து உலுக்கினார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அதையும் மீறிக் குரலை உயர்த்தினார். பூட்டுகள் இரண்டும் அசைந்து கொடுத்தன, திறந்து கொடுக்கவில்லை.

எலைன் புறப்பட்ட அன்று அவள் தலைமேல் கை வைத்து ஜெபித்தவர் அவரே. அந்தக் கை இப்போது கம்பியை விடவில்லை.

"ஊரு பேரு வேணாம்." குரலைத் தாழ்த்தினார். "உயிரோட இருக்காளா? வாயால சொல்ல வேணாம் சிஸ்டர், தலையாவது ஆட்டுங்க."

டொரத்தியின் தலை அசையவில்லை. கண்கள் மட்டும் கலங்கின. "இருங்க" என்று உள்ளே போனவர், ஒரு கண்ணாடிக் குவளையில் தேநீரோடு திரும்பிவந்து, கம்பிகளுக்கு இடையே நீட்டினார்.

"குடிங்க ஐயா. போன வருசம் ஜீவன் இதே ஊழியத்துக்குப் போயிருந்தப்ப, அவனோட அப்பா திருச்செல்வம் அண்ணனும் இதே கம்பியப் புடிச்சிக்கிட்டுத்தான் அழுதாரு. அவருக்கும் நான் சொல்லல. ஜீவன் பத்திரமா வந்து சேந்தான்ல?"

"திருச்செல்வம் புள்ள வேற, என் புள்ள வேற!"

"எப்படி வேற?"

பிரெட்ரிக் குவளையை வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. சூடு விரல்களைச் சுட்டபோதுதான், அடக்கிவைத்திருந்த ஆத்திரம் முழுவதும் வெளியே வந்தது.

"கல்லு நெஞ்சு சிஸ்டர் உங்களுக்கு! பெத்தவன் வயிறு எரிஞ்சு நிக்கிறேன், நீங்க தேத்தண்ணிய நீட்டுறீங்க. யாரு சொல்லிக் குடுத்தா உங்களுக்கு இதெல்லாம்?"

அதுவரை தரையையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்த டொரத்தி, முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"போன வருசம் திருச்செல்வம் அண்ணன் இங்க நின்னு அழுதப்ப, 'தேத்தண்ணி மட்டும் குடுத்து அனுப்பிடுங்க'ன்னு போன்ல சொன்னது நீங்கதானே, பாஸ்டர்?"